அமைதியால் ஆண்ட பயிற்றுநர்

களத்தில் திறம்பட ஆடியவர் அனைவரும் பிறரைத் திறம்பட ஆடச் செய்வர் எனக் கூறுதல் இயலாது. தான் கற்றல் ஒரு திறன்; கற்றதைப் பிறர் நெஞ்சில் பதியச் செய்தல் பிறிதொரு திறன். இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. அவ்வாறு அமையப் பெற்றோருள் ஒருவர், ஸ்பெயின் நாட்டுக் காற்பந்து ஆட்டக்காரரும் பயிற்றுநருமான விசெண்டே டெல் பொஸ்கே. உலகக் கிண்ணம், ஐரோப்பிய நாடுகளின் கிண்ணம், ஐரோப்பியக் கழகங்களின் வெற்றியாளர் கிண்ணம் ஆகிய மூன்றையும் பயிற்றுநராக நின்று வென்ற முதல் மனிதர் அவரே. எனினும், அவரைப் பற்றிப் பேசுவோர் கிண்ணங்களை எண்ணுமுன் அவருடைய அமைதியையே எடுத்துரைப்பர். அவ்வமைதி எவ்வாறு பயன்பட்டது, எவ்விடத்தில் போதாமற் போயிற்று என்பதை அவர்தம் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

இளமையும் ஆட்டக்களமும்

டெல் பொஸ்கே 1950ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23ஆம் நாள், பழம்பெரும் பல்கலைக்கழகத்தால் புகழ்பெற்ற சலமாங்கா நகரில் பிறந்தார். தந்தையார் இரயில்வே ஊழியர். 1936 முதல் 1939 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பின் கொள்கைகளைச் சார்ந்திருந்தமையால், அவர் சிறைவாசம் அனுபவிக்க நேர்ந்தது. தளபதி பிராங்கோவின் ஆட்சி 1975 வரை நீடித்தது. அக்காலத்தில், தோற்ற தரப்பைச் சார்ந்த இல்லங்களில் வாயடக்கமே காப்பாக விளங்கிற்று. அத்தகைய சூழலில் வளர்ந்த பிள்ளை, சொல்லை அளந்து பேசும் மனிதராக உருவானதில் வியப்பில்லை.

இளம் வயதிலேயே ரியால் மாட்ரிட் கழகத்தில் சேர்ந்த அவர், உடனே முதன்மைக் குழுவில் இடம்பெறவில்லை. கஸ்தெயோன், கோர்டோபா ஆகிய கழகங்களுக்கு இரவலாக அனுப்பப்பட்டார். 1973இல் கஸ்தெயோன் குழுவினராகத் தேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடித் தோல்வியும் கண்டார். அவ்வாண்டு முதல் 1984 வரை ரியால் மாட்ரிட் குழுவின் நடுக்கள ஆட்டக்காரராகத் திகழ்ந்தார். அவருடைய கால்களில் விரைவு குறைவு. ஆயின் பந்து வருமுன்னரே அது செல்ல வேண்டிய இடத்தை அறியும் கண் அவருக்கு வாய்த்திருந்தது. ஐந்து முறை லீக் பட்டத்தையும் நான்கு முறை தேசியக் கிண்ணத்தையும் வென்ற குழுவில் அவர் இருந்தார். நாட்டுக்காகப் 18 ஆட்டங்களில் களமிறங்கினார். 1981இல் பாரிசில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூல் குழு ஒரே கோலில் வென்றபோது, தோற்றவர் வரிசையில் அவரும் நின்றார்.

பயிற்றுநர் பணி

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின், புகழ்பெற்ற பலர் பெரிய குழுக்களின் தலைமையை நாடுவது வழக்கம். டெல் பொஸ்கே இளையோரை நாடினார். 1987 முதல் 1990 வரை கழகத்தின் இரண்டாம் நிலைக் குழுவான கஸ்தியாவைப் பயிற்றுவித்தார். பின்னர் இளையோர் பயிற்சிப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1994இலும் 1996இலும் முதன்மைக் குழுவின் பயிற்றுநர் விலக நேர்ந்தபோது, சிறிது காலம் அவ்விடத்தை நிரப்பிவிட்டு மீண்டும் இளையோரிடமே திரும்பினார்.

1999 நவம்பரில் ஜான் டோஷாக் நீக்கப்பட்டபோது அழைப்பு மூன்றாம் முறையாக வந்தது. லீக்கில் ஐந்தாம் இடத்தையே எட்டிய அக்குழு, 2000 மே 24ஆம் நாள் பாரிசில் வலென்சியாவை 3–0 என வென்று ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அன்று கோல் கம்பங்களுக்கிடையே நின்றவர் இக்கேர் கசியாஸ்; கழகத்தின் இளையோர் பிரிவில் வளர்ந்தவர்; 19 வயது நிறைந்து நான்கே நாள்கள் ஆகியிருந்தன. 2002இல் கிளாஸ்கோ நகரில் லெவர்குசன் குழுவை 2–1 என வென்று அக்கிண்ணம் மீண்டும் பெறப்பட்டது. 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டங்களும் கிட்டின.

பிகோ, சிடான், ரொனால்டோ எனப் பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்ட உடுக்கள் ஒரே அறையில் கூடியிருந்த காலம் அது. அவர்களிடையே தம் பெயரை உயர்த்த முயலாமையே டெல் பொஸ்கேயின் ஆளுமையாயிற்று. ஆனால், அதுவே சிலர் கண்ணுக்குக் குறையாகவும் பட்டது. 2003 ஜூனில் லீக் பட்டம் வென்ற மறுநாளே, அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது எனக் கழகம் அறிவித்தது. அதன்பின் லீக் பட்டத்தை மீண்டும் காண அக்கழகம் 2007 வரை காத்திருந்தது. அவரோ துருக்கியின் பெசிக்தாஸ் கழகத்திற்குச் சென்று, ஒரு பருவம் முடியுமுன்னரே 2005 ஜனவரியில் நீக்கப்பட்டார். அடுத்து மூன்றாண்டுகளுக்கு மேல் எக்குழுவும் அவர் பொறுப்பில் இல்லை.

உலக அரங்கில்

2008இல் லூயிஸ் அரகோனெஸ் பயிற்றுவித்த ஸ்பெயின் குழு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. அவருக்குப்பின் பொறுப்பேற்றவர் டெல் பொஸ்கே. முன்னவர் கட்டியதை இடித்துத் தம் பெயர் பொறித்த புதியதொன்றைக் கட்ட விழைவது, பின்வருவோர் பலரிடம் காணப்படும் குறை. அவர் அதனைச் செய்யவில்லை. குறுகிய தொலைவில் பந்தைக் கைமாற்றி ஆடும் அம்முறையை அவ்வாறே காத்து, தேவையான இடங்களில் மட்டும் திருத்தினார். உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் பத்து ஆட்டங்களிலும் ஸ்பெயின் வெற்றி கண்டது.

2010இல் தென்னாப்பிரிக்காவில் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்து 1–0 என வென்றது. நடுக்களத்தின் பின்பகுதியில் புஸ்கெட்ஸ், சாபி அலோன்சோ ஆகிய இருவரை நிறுத்தியது தவறு எனக் கண்டனங்கள் எழுந்தன. பயிற்றுநரோ அடிப்படையை மாற்றவில்லை. இளைஞரான புஸ்கெட்ஸைக் குறை கூறினோரிடம், தாம் மீண்டும் ஆட்டக்காரராயின் அவரைப் போல் ஆடவே விரும்புவதாக விடையளித்தார். தளர்ந்த மாணவனைத் தாங்கும் ஆசிரியரின் சொல் அது.

போர்த்துகல், பராகுவே, ஜெர்மனி ஆகிய மூன்று குழுக்களும் ஒவ்வொரு கோலில் தோற்றன. ஜூலை 11ஆம் நாள் ஜோகானஸ்பர்க்கில் நெதர்லாந்துடன் நிகழ்ந்த இறுதியாட்டத்தில், 116ஆம் நிமிடத்தில் இனியெஸ்டா வெற்றிக் கோலைப் புகுத்தினார். அக்கோலுக்கு வழிவகுத்த நகர்வில் நவாஸ், டோரஸ், பப்ரெகாஸ் என்னும் மூவரும் பங்கு கொண்டனர்; மூவருமே பயிற்றுநர் இடையில் களமிறக்கியவர்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கிண்ணத்தை உயர்த்திய குழுத்தலைவர், அன்று பாரிசில் நின்ற அதே கசியாஸ். 2012 ஜூலை முதல் நாள் கீவ் நகரில் இத்தாலியை 4–0 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தையும் ஸ்பெயின் தக்கவைத்துக் கொண்டது.

அந்திக் காலம்

பண்புகள் சில வேளைகளில் பிழைகளாகவும் மாறுவதுண்டு. 2014இல் பிரேசிலுக்குச் சென்றபோது, பழைய வெற்றியாளர் பலரையே அவர் நம்பினார். நெதர்லாந்து 5–1 எனவும் சிலி 2–0 எனவும் வென்றன. நடப்பு வெற்றியாளர் முதற் சுற்றிலேயே வெளியேறினர். கசியாஸின் தடுமாற்றம் அத்தோல்வியில் யாவருக்கும் தெரிந்தது. நன்றி மறவாமை உயர்ந்த குணமே. ஆயின் நேற்றைய உழைப்புக்குரிய கடனை இன்றைய களத்தில் தீர்க்க முனைவது குழுவுக்கு நலம் பயவாது. இதனை அவர் பின்னர் உணர்ந்தே செயற்பட்டார். 2016 ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் டி கேயா கோல் காத்தார். தம் கண்முன் வளர்ந்த கசியாஸ் மாற்றோர் வரிசையில் அமர்ந்திருந்தார். இத்தாலியிடம் 2–0 எனத் தோற்றபின் டெல் பொஸ்கே பொறுப்பைத் துறந்தார்.

2011இல் ஸ்பெயின் மன்னர் அவருக்கு மார்க்கேஸ் என்னும் பிரபுப் பட்டம் வழங்கினார். ஆட்சியினரால் சிறைப்பட்ட இரயில்வே ஊழியரின் மகனுக்கு அரசவைச் சிறப்பு வந்து சேர்ந்தது. 2024 ஏப்ரலில் நாட்டின் காற்பந்துச் சம்மேளனம் சீர்கேட்டில் சிக்கியபோது, அதனை மேற்பார்வையிட அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக அழைக்கப்பட்டவரும் அவரே. கலங்கிய நேரத்தில் கலங்காதவரை நாடுவது மக்கள் இயல்பு.

மாணவரின் வெற்றியில் ஆசிரியரின் பெயர் மறைவது இயற்கை. அம்மறைவுக்கு வருந்தாதவரே நல்லாசிரியர். ஆயின் அன்பினால் காலம் கடத்தாமல், உரிய வேளையில் உரியவருக்கு இடமளிப்பதும் ஆசிரியக் கடமையே. முன்னதை டெல் பொஸ்கே தம் வெற்றிகளால் விளக்கினார். பின்னதைத் தம் தோல்வியால் கற்றார். கற்பிப்போரும் இறுதிவரை கற்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.