வயது போன பிறகு படிப்பா? வீட்டு அடுப்பையும் நினைத்த ஒரு சட்டத்தின் கதை

போன வாரம் பாடசாலை விட்ட நேரம், பிள்ளையை ஏற்ற வந்த ஆட்டோக்கார நானா ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றோம். உயர்தரம் சித்தியடைந்தவர். வெட்டுப்புள்ளி எட்டாமல் படிப்பை விட்டவர். வயது நாற்பதை நெருங்குகிறது. "வெளிவாரியாகப் பட்டம் ஒன்று செய்யலாமே நானா?" என்று கேட்டோம்.

"ஆசதான் சேர். காசக் கூட எப்படியாவது பொரட்டிக் கட்டிரலாம். ஆனா நான் ரெண்டு நாள் ஆட்டோவ நிப்பாட்டினா வீட்ல உலை வெக்க ஏலாது" என்றார்.

வளர்ந்தவர்களின் உயர்கல்வி பற்றிய முழுப் பிரச்சினையும் அந்தப் பதிலில் இருக்கிறது. இதை ஒரு நாடு எப்படிக் கையாண்டது என்பதைத்தான் இன்று எழுதுகிறோம்.

1944 ஜூன் 22. இரண்டாம் உலக யுத்தம் இன்னும் முடியவில்லை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். 'ஜீ.ஐ. பில்' என்று உலகம் அதை அழைக்கிறது. யுத்தத்தில் சேவையாற்றியவர்கள் சுமார் ஒரு கோடியே 60 இலட்சம் பேர். அத்தனை பேரும் வீடு திரும்பினால் வேலைக்கு எங்கே போவது? முதலாம் யுத்தத்தின் வீரர்கள் 1932இல் தங்கள் கொடுப்பனவைக் கேட்டு வொஷிங்டனுக்கு வந்தபோது, இராணுவத்தைக் கொண்டே விரட்டப்பட்டார்கள். அந்த அவமானம் யாருக்கும் மறக்கவில்லை. ஆகவே இந்தச் சட்டத்தைப் பெற்றுத்தந்தது இரக்கம் மட்டுமல்ல, பயமும்தான்.

சட்டம் என்ன கொடுத்தது? கல்விக் கட்டணம், புத்தகங்களுக்காக வருடத்துக்கு 500 டொலர் வரை. அன்று ஹார்வர்ட்டின் ஆண்டுக் கட்டணமே 400 டொலர் அளவுதான். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அடுத்த பகுதி. தனி ஆளுக்கு மாதம் 50 டொலர் வாழ்க்கைச் செலவு. மனைவி, பிள்ளை என்று தங்கியிருப்போர் உள்ளவருக்கு 75 டொலர். படிக்க வருபவனுக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

அதிலும் ஒரு குறை இருந்தது. சேவையில் சேரும்போது 25 வயதைத் தாண்டியிருந்தவர், யுத்தத்தால் தன் படிப்பு தடைப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். வயது கூடியவருக்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் அங்கேயும் இருந்திருக்கிறது. 1945 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி அந்த வயது நிபந்தனையை எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவையும் 65, 90 டொலராக உயர்த்தினார்கள்.

ஹார்வர்ட், சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர்களே தரம் விழுந்துவிடும் என்று எதிர்த்தார்கள். நடந்தது வேறு. 1947இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முன்னாள் படையினர். இராணுவக் கொட்டில்கள் குடும்ப விடுதிகளாக மாறின. பிள்ளையின் அழுகைக்கு நடுவே பாடம் படித்த தகப்பன்மார் வகுப்பில் முன்னுக்கு வந்தார்கள். 1956இல் திட்டம் முடியும்போது 22 இலட்சம் பேர் உயர்கல்வி பெற்றிருந்தார்கள். தொழிற்பயிற்சிகளையும் சேர்த்தால் 78 இலட்சம் பேர்.

எல்லோருக்கும் அது சமமாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பின வீரருக்கும் சட்டத்தில் அதே உரிமைதான். ஆனால் தென் மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறக்கவில்லை. கறுப்பினக் கல்லூரிகளில் இடம் போதவில்லை. பணத்தை ஒதுக்கினால் மட்டும் போதாது, போய்ச் சேர வாசலும் வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதே காலத்தில், 1945 ஒக்டோபரில், கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. 1981இல் லலித் அத்துலத்முதலி மஹாபொல நிதியத்தை உருவாக்கினார். நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் மஹாபொல காசில் பட்டம் முடித்திருக்கிறார்கள்! நன்றி மறக்கக் கூடாது. ஆனால் அது பல்கலைக்கழகத்துக்குள் போன பிள்ளைக்கான உதவி. உயர்தரத்தில் மூன்று தடவைக்குள் வெட்டுப்புள்ளி எட்டாதவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பிறகு இருப்பது 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பட்டங்களும்தான். பொதுவாக அங்கே கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். வெளிவாரி மாணவருக்கு மஹாபொல இல்லை. வீட்டுச் செலவைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் அரசு அதைச் செய்தது. ஆசிரியர்களாகிய எங்களுக்கு. பயிற்றப்படாத ஆசிரியராக இருந்து கலாசாலைக்குப் போன இரண்டு வருடமும் மாதச் சம்பளம் வந்தது. எங்களோடு படித்தவர்களில் மூன்று பிள்ளைகளின் தாய்மாரும் இருந்தார்கள். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் அவர்களில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? நாங்களே வந்திருப்போமா என்பதும் சந்தேகம்தான்.

எங்களுக்குக் கிடைத்தது அந்த நானாவுக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? இந்தக் கேள்வியை அரசியல்வாதிகளிடம் கேட்போம். அதுவரை நம் ஊர் நலன்புரிச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் புலமைப்பரிசில்களில் ஒன்றையாவது குடும்பஸ்தர் ஒருவருக்கு ஒதுக்கலாமே. கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு நிற்காமல், பரீட்சை மாதத்தில் அவர் வீட்டு அரிசிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வயது போன பிறகு படித்தவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். எப்படிச் சமாளித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்த நானாவுக்கு வாசித்துக் காட்டுவோம்.