மிதித்தால்தான் வெளிச்சம்

2012 கோடையில் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரின் சின்ன மாடி அரங்கில் ஒரு விஞ்ஞானி மேடையேறினார். ஸ்டீஃபன் எம்மட் என்ற அவர், கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். மேடையில் அவருடைய அலுவலக அறையையே அச்சு அசலாகப் போட்டிருந்தார்கள். நடிகர்கள் கிடையாது, கதையும் கிடையாது. உலக மக்கள்தொகை 1,000 கோடியைத் தொடும்போது தண்ணீரும் சாப்பாடும் எரிபொருளும் என்ன கதிக்கு ஆளாகும் என்று மனிதர் கணக்குப் போட்டுச் சொன்னார், அவ்வளவுதான். நிகழ்ச்சியின் பெயர் ‘டென் பில்லியன்’. நாம் தப்புவது கடினம் என்பதே அவர் கணக்கின் விடை. டிக்கெட்டுகள் பறந்தன. அதே கோடையில் அந்த நிகழ்ச்சி பிரான்ஸின் அவிஞ்ஞோன் நாடக விழாவுக்கும் போனது.

இதை இயக்கியவர் கேட்டி மிட்செல். பிரிட்டனைவிட ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் அதிகம் கொண்டாடப்படும் இயக்குநர். எம்மட்டோடு பழகியதில் அவர் விமானம் ஏறுவதையே விட்டுவிட்டார். ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டுப் பிழைப்பவருக்கு இது சாதாரண முடிவல்ல. அன்று முதல் லண்டனிலிருந்து பெர்லினுக்கும் ரயில்தான்.

ஆனால் இயக்குநர் ரயிலில் போனால் மட்டும் போதுமா? அவர் போய் இறங்கும் அரங்கம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. சூழல் பற்றி நாடகம் போடுகிறவர்கள் பலர் வசதியாக மறந்துவிடும் கேள்வி இது. உருகும் பனிமலைக்காகக் கண்ணீர் விடும் காட்சிக்கும் மேலே பத்துப் பதினைந்து விளக்குகள் எரியத்தான் செய்யும்.

அந்த நேரத்தில் மிட்செல் கைக்கு வந்தது டங்கன் மக்மில்லன் எழுதிய ‘லங்ஸ்’. 2011இல் முதலில் வாஷிங்டனில் மேடையேறிய நாடகம். பெயர் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று பேசத் தொடங்குகிறார்கள், ஐகியா கடையின் பில் வரிசையில் நின்றபடி. ஒரு குழந்தை என்றால் 10,000 டன் கார்பன் டையாக்சைடு, அது ஈஃபில் கோபுரத்தின் எடை என்கிறாள் அவள். நாம் நல்லவர்கள்தானே என்று மாறி மாறிக் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு வாழ்நாளே இப்படிப் பேச்சில் ஓடிவிடுகிறது.

நாடகாசிரியர் முன்கூட்டியே கட்டளை போட்டுவிட்டார்: மேடையில் சாமான் கூடாது, உடை மாற்றக் கூடாது, பொருள் இருப்பதுபோல் பாவனையும் கூடாது. காலம் மாறுவதை விளக்கு காட்டிக்கொடுக்கக் கூடாது. அதாவது இந்த நாடகத்துக்கு விளக்கிடமிருந்து வேண்டியது முகம் தெரியும் அளவு வெளிச்சம் மட்டும். மற்ற இயக்குநர்கள் இதை நடிகர்களுக்கான சவாலாகப் பார்த்தார்கள். மிட்செல் இதை மின்சாரக் கணக்காகப் பார்த்தார்.

2013இல் பெர்லின் ஷௌப்யூன அரங்கில் ‘லங்ஸ்’ ஜெர்மன் மொழியில் ‘ஆட்மென்’ என்ற பெயரில் வந்தது. நடிகர்கள் இருவரும் நகராத சைக்கிள்களில் உட்கார்ந்து, நாடகம் முடியும்வரை மிதித்துக்கொண்டே பேசினார்கள். அவர்களோடு மேலும் சிலர் பேசாமல் மிதித்தார்கள். விளக்கும் ஒலியும் அந்தக் கால்களிலிருந்து வந்தன.

அந்தக் காலத்து சைக்கிள் டைனமோவை டயரோடு ஒட்டவைத்ததும் பெடல் கனக்குமே, அந்தக் கனம்தான் இதிலும். ஆரோக்கியமான ஒருவர் விடாமல் மிதித்தால் ஏறக்குறைய 100 வாட் தேறும். பழைய ஹாலஜன் மேடை விளக்கு ஒன்றே 1,000 வாட் கேட்கும். அதை எரிக்கப் பத்துப் பேர் வேண்டும். எல்இடி வந்த பிறகுதான் இந்த யோசனைக்கே உயிர் வந்தது. ஆறு பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்க்க வியர்க்க மிதித்தாலும் மின்வாரிய மீட்டரில் ஒரு யூனிட் ஓடாது. நம்மூர் விலைக்குச் சில ரூபாய்!

அப்படியானால் இது வெறும் வித்தையா? மிச்சமான கார்பனைப் பார்த்தால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். பார்வையாளர்களில் நாலு பேர் காரில் வந்தாலே கணக்கு அடிபட்டுப்போகும். ஆனால் மேடையில் நடந்தது வேறு. குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுகிறவள் மூச்சு வாங்கிக்கொண்டே போடுகிறாள். கோபித்துக்கொண்டு எழுந்துபோக முடியாது. எம்மட்டின் மேடையில் மனிதகுலம் ஒரு வரைபடக் கோடாக இருந்தது. இங்கே அது இரண்டு ஜோடிக் கால்கள். நாம் செய்வதால் ஏதாவது ஆகுமா என்ற கேள்விக்கு வசனத்தில் விடை இல்லை. கால் சொன்ன விடை, அந்த அரங்கின் அளவுக்காவது, ‘ஆகும்’ என்பது.

சைக்கிளுக்குத்தான் பெயர் கிடைத்தது. எனக்கென்னவோ அதற்கு எட்டு ஆண்டு கழித்து வந்த இரண்டாவது யோசனைதான் பெரிதாகப் படுகிறது. ‘டென் பில்லியன்’ அவிஞ்ஞோன் போனபோது அந்த விழாவை நடத்திய இருவரில் ஒருவர் வான்சான் போத்ரியே. பின்னாளில் அவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் விதி தியேட்டருக்குத் தலைமையேற்றார். அங்கே 2021இல் மிட்செலும், 2019இல் விமானத்தை விட்டொழித்திருந்த பிரெஞ்சு நடனக் கலைஞர் ஜெரோம் பெல்லும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். நாடகம் ஊர் ஊராகப் போகும். ஆளும் போகக் கூடாது, செட்டும் போகக் கூடாது. பிரதியும் செய்முறைக் குறிப்புகளும் மட்டும் போகும். அந்தந்த ஊர் இயக்குநர், அந்தந்த ஊர் நடிகர் புதிதாகச் செய்துகொள்ள வேண்டியது.

மிட்செல் எடுத்துக்கொண்டது மிராண்டா ரோஸ் ஹால் என்ற அமெரிக்கர் எழுதிய நாடகம். நடிகர்கள் வராமல் போனதால், மேடைக்குப் பின்னால் இருக்க வேண்டிய நவோமி என்ற பெண் பார்வையாளர்முன் வந்து நிற்கிறாள். உயிரினங்கள் அழிந்த கதையை, தன்னால் முடிந்தவரை, அவளே சொல்லியாக வேண்டும். விளக்குக்கு இங்கும் சைக்கிள்தான்.

2023இல் ஹெட்லாங் என்ற நாடகக் குழு இதை லண்டன் பார்பிகன் அரங்கில் தொடங்கி இங்கிலாந்தின் பல ஊர்களுக்குக் கொண்டுபோனது. கொண்டுபோனது என்பதுகூடத் தவறு. லாரி எதுவும் கிளம்பவில்லை. ஒவ்வோர் ஊரிலும் வேறு நவோமி, வேறு இயக்குநர், பெடல் மிதிக்க உள்ளூர்க்காரர்கள்.

இதில் இயக்குநருக்குப் பெரிய நஷ்டம் உண்டு. ஒரு விளக்கு எந்தக் கணத்தில் மங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதற்குப் பெயர்போனவர் மிட்செல். இப்போது அடுத்த ஊரில் தன் நாடகத்தை யாரோ எப்படியோ செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டியிருந்தது. விமானத்தை விடுவதைவிட ஓர் இயக்குநருக்கு இதுதான் கஷ்டமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.