நாள் குறித்த நோவும் நாள் குறியாத நோவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரே இரவில் இரண்டு வீடுகளிலிருந்து 1990க்கு அழைப்புப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் பிள்ளைத்தாச்சி, மற்றதில் எழுபத்தெட்டு வயது ஆச்சி. இருவருக்கும் வருவது ஒரே மாதிரி வண்டிதான்: சாரதி ஒருவர், அவசர சிகிச்சை உதவியாளர் ஒருவர், ஒக்சிசன், படுக்கை. காசு கேட்கமாட்டார்கள். இறக்குவதும் பக்கத்து அரச ஆஸ்பத்திரியில்தான். ஆனால் ஒருவருக்காக இந்த நாடு பல மாதங்களாக ஆயத்தமாக இருக்கிறது. மற்றவரைப் பற்றி அந்த அழைப்பு வரும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது.

1990 ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை இந்திய நன்கொடையுடன் 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. வடக்குக்கு வந்தது 2018 யூலை 21இல். விழா யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. 1990 என்றதும் மின்சாரம் நின்றுபோனதும் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதுமான வருடம் நினைவுக்கு வரும் ஊரில், இன்று அதே இலக்கம் உயிர் காக்கக் கூப்பிடும் இலக்கம். அதற்கு முன்னர் ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் பெரும்பாலும் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத்தான் ஓடியது. வீட்டிலிருந்து போகப் பெரும்பாலானோருக்கு ஓட்டோவோ அயலவரின் வானோதான் கதி.

பிள்ளைத்தாச்சியின் பக்கத்தில் இந்த வண்டி கடைசிக் கண்ணி மட்டுமே. கர்ப்பம் தெரிந்த சில வாரங்களில் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். அவர் வீடு தேடி வருவார், படலையைத் தெரியும், நாய் கடிக்குமா என்பதும் தெரியும். அட்டையில் இரத்த வகை, அமுக்கம், முந்திய பிரசவங்கள், எதிர்பார்க்கும் திகதி எல்லாம் இருக்கும். பிள்ளை பிறந்தபின் அதற்கென்று தனிப் பதிவேடு. மாதாமாதம் நிறை குறிக்கப்படும். குழந்தைக்கு மருந்தளவு நிறையைப் பொறுத்தது என்பதால், வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய் அந்தப் புத்தகத்தையும் எடுத்துப்போவது பெரிய உதவி.

இது ஒருநாளில் வந்ததல்ல. அமெரிக்க மிஷன் மானிப்பாயில் வைத்தியம் கற்பித்ததும், 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்ததும், பிறகு அரசின் மருத்துவிச்சி முறையும் என்று நூறு வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு. 1940களின் முற்பகுதியில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 1,500க்கு மேல் இருந்த தாய் மரணம் இப்போது 30 அளவில் நிற்கிறது. ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று கூடியிருந்து விசாரிக்கிறார்கள்.

ஆச்சி இறந்தால் “வயசு போட்டுது” என்று முடித்துவிடுகிறோம்.

அவரின் பக்கத்தில் இருப்பவை ஒரு கிளினிக் கொப்பி, சொப்பிங் பையில் நாலு வகைக் குளிசை, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள், தொலைபேசி. விழுந்தவரால் எழும்பிப் படலையைத் திறக்க முடியாது. கள்ளர் பயத்தில் உள்ளே பூட்டு. ஒழுங்கைக்குள் வீட்டு இலக்கம் தேடுவதும் வீண். “பிள்ளையார் கோயிலடியால திரும்பி மூன்றாவது படலை” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். டொரன்டோவில் இருக்கும் மகனால் 1990ஐ நேரே அழைக்க முடியாது. அயலவர் ஒருவரின் இலக்கம் கையில் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

வண்டிக்குள் ஏறியபின்னும் இருவருக்கும் விதி வேறு. நிறைமாதத் தாயை நிமிர்த்திக் கிடத்தினால் கருப்பை பெருநாளத்தை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். இடப்பக்கம் சரித்துக் கிடத்த வேண்டும். இதயம் பலவீனமான முதியவரைக் கிடத்தினால் மூச்சு முட்டும்; அவரை இருத்தித்தான் கொண்டுபோக வேண்டும். கூன் விழுந்தவரைத் தட்டையான பலகையில் கட்டினால் உள்ள முதுகெலும்பும் நோகும். வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டால் செய்ய வேண்டியது தெளிவு: உடனே துடைத்துத் தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்துவது, மூச்சு விடாவிட்டால் முதல் நிமிடத்துக்குள் காற்று ஊட்டத் தொடங்குவது.

இரத்த அமுக்கம் இன்னும் சுவையான விடயம். 140க்கு 90 என்று காட்டினால் பிள்ளைத்தாச்சிக்கு அது அபாய மணி. தலையிடியும் கண்மங்கலும் சேர்ந்தால் வலிப்பு வரலாம். அதே அளவு ஆச்சிக்குச் சாதாரணம். மாறாக 100க்கு 60 ஓர் இளம் தாய்க்குச் சாதாரணமாக இருக்கலாம்; எப்போதும் 160இல் நிற்கும் ஆச்சிக்கு அது உடம்புக்குள் இரத்தம் போகிறது என்பதன் அறிகுறியாகலாம். எது அவரின் வழமை என்பதைக் கொப்பிதான் சொல்லும்.

முதுமையில் நோய் தன் முகத்தையும் மறைக்கும். நீரிழிவுள்ளவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். களைப்பு, வேர்வை, வயிற்றுப் பிரட்டல். வீட்டில் ‘வாய்வு’ என்று இஞ்சித் தண்ணி கொடுப்பார்கள். கந்தசஷ்டிக்கு விரதமிருந்தபடி சீனிக் குளிசையை மட்டும் போட்டவர் குளறிக் கதைத்தால் அது பாரிசவாதமாகவும் இருக்கலாம், சீனி குறைந்ததாகவும் இருக்கலாம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் அதைப் பிரித்துக் காட்டிவிடும். உண்மையில் பாரிசவாதமானால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், அதற்குள் சீ.ரி. ஸ்கானும் முடிய வேண்டும்.

இந்த நாலரை மணித்தியாலத்தை நெடுந்தீவில் வைத்துப் பாருங்கள். குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடலில் ஒரு மணித்தியாலமளவு. அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாம்போதிகளால் யாழ் போதனா வைத்தியசாலைக்குச் சுமார் 30 கிலோமீற்றர். இரவென்றால் படகுக்கு ஒழுங்கு செய்யவே நேரம் போகும். பிரசவத் திகதி தெரிந்த தாய் முன்கூட்டியே கரைக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கலாம். பாரிசவாதத்துக்கு அப்படி ஒரு திகதி இல்லை.

அதனால் தாய்க்கு வைத்த முறையை அப்படியே முதியவருக்கு எடுத்து ஒட்ட முடியாது. கர்ப்பம் பத்து மாதத்தில் முடியும். முதுமை இருபது வருடம் நீளும், அவ்வளவு காலம் வீடு வீடாகப் போக எந்தக் குடும்பநல உத்தியோகத்தராலும் முடியாது. ஏற்கெனவே அவர்களின் தலையில் வேலை அதிகம். ஆனால் தனியே வாழும் முதியோர் யார், எந்த ஒழுங்கை, திறப்பு யாரிடம் என்ற பட்டியலைக் கிராம அலுவலர் பிரிவுதோறும் எடுக்கப் பெரிய காசு தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் இருக்கும் நாட்டில் இதைக் கேட்பது பேராசையுமல்ல.

அதுவரை வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: அடுத்த அழைப்பில் அம்மாவிடம் கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் ஒரே பையில் போட்டு வாசலுக்குப் பக்கத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள், மேலதிகத் திறப்பை அயல்வீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள், அந்த வீட்டாரின் இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.