ஊர் காண்பதும் ஊரில் வாழ்வதும்

மும்பைக்கு வரும் உறவினர்கள் பெரும்பாலும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இவ்வளவு நல்ல ஊர்ல இருந்துக்கிட்டு ஏன் எப்பப் பார்த்தாலும் அலுத்துக்கறீங்க?" அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான்கு நாளில் அவர்கள் பார்த்த ஊர் வேறு. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் இருக்கும் ஊர் வேறு. இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒன்று. இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளி இறுதி வகுப்போடு நிறுத்திவிட்டு, 1979இல் அரக்கோணத்தில் ரயில் ஏறி, மஸ்ஜித் பந்தரில் ஒரு புளி மிளகாய் மண்டிக்குக் கணக்கெழுத வந்தவன். வியாபாரம் மந்தமான மதிய வேளைகளில் மூட்டை மேல் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

கோவலன் பார்த்த மதுரை

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் 'ஊர்காண் காதை' என்று ஒரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தி அடிகளின் பாதுகாப்பில் மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் விட்டுவிட்டு, கோவலன் தனியாக நகருக்குள் போகிறான். எதற்குப் போகிறான்? நகரத்து வணிகர்களிடம் தன் நிலையைத் தெரிவித்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டு வரத்தான். ஆனால் அந்தக் காதை முழுவதும் அவன் வேடிக்கைதான் பார்க்கிறான். மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூலக்கடை வீதி என்று சுற்றிப் பார்க்கிறான். திரும்பி வந்து, நகரம் தீதில்லாதது, பாண்டியன் ஆட்சி குறையில்லாதது என்று கவுந்தி அடிகளிடம் வியந்து சொல்கிறான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது நமக்கெல்லாம் தெரியும். ஒரு காற்சிலம்பை விற்று அதை முதலாக வைத்துத் தொழில் செய்து பிழைக்கலாம் என்று இரண்டாம் முறை அதே நகருக்குள் போனான். அந்த மதுரை வேறு மதுரையாக இருந்தது. அங்கே அவனைத் தெரிந்தவர் இல்லை, அவனுக்காகப் பேசுபவர் இல்லை. சிலம்பை விலை பேச அவன் நம்பிப் போன பொற்கொல்லனே திருடன்.

சமண சமயத்தில் பிறந்த எனக்குக் கவுந்தி அடிகள் மேல் தனி மரியாதை உண்டு. கோவலன் நகரைப் புகழ்ந்து பேசியதைக் கேட்டுக்கொண்ட அந்த அம்மையார், அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒரு வீடு பார்த்தார். இடையர்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலம் கொடுத்தார். ஊரைப் பார்க்கிறவனுக்கு வீதி போதும். ஊரில் இருக்க வருகிறவர்களுக்கு ஒரு மாதரி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பத்துப் பவுன் வாடகை

நம்முடைய மும்பைக்கு வருவோம். ஏழு தீவுகளாகக் கிடந்த இந்த இடத்தை 1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா போர்ச்சுகீசியருக்குக் கொடுத்தார். 1661இல் செய்த திருமண ஒப்பந்தப்படி, போர்ச்சுகல் இளவரசி கேத்தரினுக்குச் சீதனமாக இது இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குப் போனது. அவருக்கு இதை வைத்துக்கொள்வது கட்டுப்படியாகவில்லை. 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டார். ஆகவே மும்பையின் முதல் பெரிய வாடகைக் குடித்தனக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனிதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இவ்வளவு மலிவாக அதற்குப் பிறகு இங்கே யாருக்கும் இடம் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? மூன்று பக்கமும் கடல். வளர வேண்டுமானால் வடக்கே போக வேண்டும், இல்லாவிட்டால் கடலைத் தூர்க்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்ன்பி வெல்லார்டு என்னும் கரையைக் கட்டிக் கடல்நீர் உள்ளே புகாமல் தடுத்தார்கள். பிறகு தீவுகளுக்கு இடையே கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்து ஒன்றாக்கினார்கள். 1853 ஏப்ரல் 16இல் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியது. அடுத்த ஆண்டே பஞ்சாலைக்கு அடி போடப்பட்டது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்ததால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு வரவில்லை. இந்தப் பக்கத்துப் பஞ்சுக்கு விலை ஏறியது. கையில் பணம் புரண்டவர்கள் அதைத் தூர்க்கப்போகும் கடல் நிலத்தின் பங்குகளில் கொட்டினார்கள். 1865இல் போர் முடிந்ததும் பங்குகள் சரிந்தன. மண்ணை வைத்துச் சூதாடும் பழக்கம் மட்டும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை.

1896: ஒரே ஆண்டு, இரண்டு ஊர்

வரலாற்றில் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டால் என் கருத்து தெளிவாகும். 1896 ஜனவரியில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் பம்பாய்க்கு வந்தார். வாட்சன் ஓட்டலில் தங்கினார். உடம்பு சரியில்லாமல் சில நாள் அறைக்குள்ளேயே இருந்தார் என்றாலும், இந்த ஊரின் நிறங்களிலும் கூட்டத்திலும் மயங்கிப்போனார். ஓட்டல் பால்கனிக்கு வந்த காக்கைகளைப் பற்றிக்கூட அடுத்த ஆண்டு வெளியான தம் பயண நூலில் எழுதினார். அதே ஓட்டலில்தான் 1896 ஜூலை 7இல் லூமியர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. இந்தியாவில் சினிமா காட்டப்பட்டது அதுவே முதல் முறை.

இரண்டே மாதம் கழித்து, செப்டம்பரில், மாண்ட்வி பகுதியில் டாக்டர் வியேகாஸ் ஒரு நோயாளியைப் பார்த்து இது பிளேக் என்று கண்டறிந்தார். மாண்ட்வி என்பது துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகளின் இடம். நான் கணக்கெழுதிய மண்டி அந்தப் பக்கம்தான். தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருந்த இடத்தில் மூட்டை தூக்கியவனும், அதன் மேல் மாடியில் ஓர் அறையில் பத்துப்பேராக முடங்கியவனும் முதலில் செத்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். 1891இல் 8.21 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1901 கணக்கெடுப்பில் 7.76 லட்சமாகக் குறைந்தது.

மார்க் ட்வைன் எழுதியது பொய் அன்று. அவர் பார்த்தது உண்மை. ஆனால் வாட்சன் ஓட்டலிலிருந்து மாண்ட்வி கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இரண்டு ஊரும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. இன்றும் அப்படித்தான்.

விருந்தாளிக்கு வாசல், குடியிருப்பவனுக்கு அறை

பிளேக் அடித்த அடியில்தான் 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலான சந்துகளை இடித்து அகலச் சாலைகள் போட்டது. வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் மனை பிரித்துத் திட்டமிட்ட குடியிருப்புகளுக்கு வழி செய்தது. நம்மவர்கள் மாட்டுங்காவில் வேர் விட்டது இப்படித்தான். அலுவலகத்தில் எழுத்து வேலைக்கு வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள்; 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியில் சேற்று நிலத்தை மேடாக்கி வாழத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு மனை பிரித்துக் கொடுக்க எந்த டிரஸ்டும் வரவில்லை.

சுற்றுலா வருகிறவர்கள் முதலில் பார்க்க விரும்பும் இந்தியா கேட்டின் கதையையும் கேளுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசியும் 1911 டிசம்பரில் வந்து இறங்கியதன் நினைவுச் சின்னம் அது.  ஆனால் மன்னர் வந்தபோது கட்டடம் இல்லை. கட்டி முடித்துத் திறந்தது 1924இல். விருந்தாளி வந்து போய்ப் பதின்மூன்று ஆண்டு கழித்து அவருக்கு வாசல் கட்டினார்கள்!

அதே 1920களில்தான் வொர்லி, நய்காவ், சிவ்டி முதலிய இடங்களில் தொழிலாளர்களுக்காக அரசாங்கம் பி.டி.டி. சால்களைக் கட்டியது. மொத்தம் 207 கட்டடங்கள். ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி அறை ஒன்று, கக்கூஸ் பொது. ஒரே காலத்தில் ஒரே ஊர் விருந்தாளியை எப்படி நினைத்தது, உழைப்பவனை எப்படி நினைத்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பிறகு 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வாடகையை 1940 அளவிலேயே நிறுத்தியது. குடியிருப்பவனைக் காப்பாற்றிய சட்டம்தான். ஆனால் வாடகை ஏறாததால் வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை. புதிதாக வாடகைக்கு வீடு கட்டவும் ஆள் குறைந்தது. வருகிறவனோ கூடிக்கொண்டே போனான். விளைவு, 'பகடி'. மாத வாடகை சில ரூபாய், உள்ளே நுழைய முன்பணம் ஆயிரக்கணக்கில். ரசீது கிடையாது. இந்தப் பகடியைச் சட்டம் ஒப்புக்கொண்டதே 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். ஏற்கெனவே உள்ளே இருந்தவனுக்கு ஊர் மலிவு, புதிதாக வந்தவனுக்கு யானை விலை. இந்தக் கணக்கு எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்காது.

என் கணக்கு

இனி என் சொந்தக் கணக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைச் சங்கத்தில் சிலருக்கு மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

நான் முதலில் இருந்தது சயான் கோலிவாடாவில், ஓர் அறையில் ஆறு பேர். விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் வரும், ஐந்துக்கு நின்றுவிடும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது எங்கள் வழக்கம். ஆறரை மணி லோக்கல் ரயிலில் ஒற்றைக்காலில் தொங்குகிறவன் எங்கே சாப்பிடுவது? மண்டியில் குஜராத்தி ஜைனர்கள் ஐந்தரைக்கு டப்பாவைத் திறப்பார்கள். "மதராசியில்கூட ஜைன் உண்டா?" என்று முதலில் சிரித்தவர்கள், பிறகு எனக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். எனக்கு மாதரி வீடு அந்த மூட்டை மறைவுதான்.

1988 டிசம்பரில் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, ஐந்து நாளைக்கு ஊர் பார்க்க வந்தான். அதற்குள் எனக்குக் கல்யாணமாகித் தனி அறை கிடைத்திருந்தது. நல்ல குளிர்காலம். இந்தியா கேட், தொங்கும் தோட்டம், எலிபெண்டா குகை, ராத்திரி மரைன் டிரைவ் விளக்கு வரிசை எல்லாம் காட்டினேன். டாக்சியில்தான் கூட்டிப்போனேன். அண்ணன் நன்றாக இருக்கிறான் என்று அவன் ஊரில் போய்ச் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு. அந்த ஐந்து நாளும் காலைத் தண்ணீரை என் மனைவியே எழுந்து பிடித்து வைத்தாள். அவனை எழுப்பவில்லை.

கிளம்பும்போது கேட்டான். "அண்ணா, நானும் இங்கயே வந்துடட்டுமா?"

நான் "வா, பாத்துக்கலாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான்.

ஊரில் ஒன்றரைக் காணி நிலத்தை விற்றுவிட்டு, 1989 ஜூனில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு வந்து இறங்கினான். மழை தொடங்கியிருந்தது. கடைக்கென்று ஒரு தரகரிடம் கொடுத்த முன்பணத்தில் பாதி திரும்பி வரவில்லை. குழாயடியில் மூத்த பையனை நிறுத்தி வைப்பார்கள். சின்னது மழைக்காலம் பூராவும் இருமிக்கொண்டே இருந்தது. எட்டு மாதத்தில் திரும்பிப் போனார்கள். நிலம் வாங்கியவர் திருப்பிக் கொடுப்பாரா? தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சிலப்பதிகாரத்தை நான் பல முறை படித்திருக்கிறேன். ஊர்காண் காதையை மட்டும் 1990க்குப் பிறகு படித்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. கோவலனுக்கு மதுரையைச் சுற்றிக் காட்ட யாரும் இல்லை, அவனாகவே பார்த்து ஏமாந்தான். என் தம்பிக்குக் காட்டியவன் நான்.

வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியது

இந்த ஊரை நான் வெறுக்கவில்லை. 1982இல் ஆலை வேலைநிறுத்தம் தொடங்கி வியாபாரம் படுத்தபோதும் இங்கேதான் இருந்தேன். மொத்தச் சந்தைகள் ஒவ்வொன்றாக வாஷிக்குப் போனபோது நானும் போனேன். 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்த என் மகனை, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் ராத்திரி முழுவதும் தங்க வைத்து டீ கொடுத்தது. அதையும் சுற்றுலா வந்தவர் பார்த்திருக்க மாட்டார். ஊரின் கெடுதலைப் போலவே அதன் நல்லதும் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

மூன்று ஆண்டுக்கு முன் தம்பி பேரப்பிள்ளைகளோடு மறுபடி வந்தான், பார்த்துவிட்டுப் போகத்தான். எங்கே போகலாம் என்று கேட்டேன். "கோலிவாடாவுக்குப் போகலாம் அண்ணா" என்றான். பழைய இடம் அடையாளம் தெரியவில்லை. குழாய் இருந்த மூலையை ஒரு குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து, "உங்க அப்பன் இங்கதான்டா குடத்தோட நிப்பான்" என்று பேரனிடம் காட்டினான். பையன் போட்டோ எடுத்துக்கொண்டான்.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இங்கே குடிவர நினைத்து ஊரிலிருந்து விசாரிக்கிறவர்களை டிசம்பரில் அழைக்காதீர்கள். ஜூலையில் ஒரு மாதம் வந்து தங்கச் சொல்லுங்கள். காலை நாலு மணிக்கு எழுப்புங்கள். டாக்சி வேண்டாம், எட்டரை மணி ரயிலில் ஏற்றுங்கள். வாடகை, முன்பணம், பள்ளிக் கட்டணம், தண்ணீர் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அதையும் பார்த்துவிட்டு "வருகிறேன்" என்று சொல்கிறவருக்கு முதலில் ஒரு வீடு பார்த்துக் கொடுப்போம். இந்தியா கேட்டைப் பிறகு காட்டிக்கொள்ளலாம்.