குளச்சலில் பிடிபட்டவர்

பின்னாளில் தேவசகாயம் ஆன நீலகண்டன் ஞானஸ்நானத்துக்காக வடக்கன்குளத்துக்குப் புறப்படும் கட்டம் இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் காரமடை வாசகர் ஒருவர் கேட்டுவிட்டார்: "மாசித் தேரும் பந்த சேவையும் பார்த்து வளர்ந்தவங்களுக்கு நாஞ்சில் நாட்டுக் கதை எதுக்குங்ணா?"

பதில், நீலகண்டனை அங்கே அனுப்பிய ஒல்லாந்தப் படைக் கைதி டிலனாயிடம் இருக்கிறது. 1789 டிசம்பர் 29 அன்று திப்புவின் படை மோதித் திரும்பிய திருவிதாங்கூர் நெடுங்கோட்டை அவர் கைவண்ணம். அப்போது காரமடை உள்பட நம் கொங்குச் சீமை மைசூர் ஆட்சியில். கோட்டையைக் கட்டியவரோ இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. செத்த பிறகும் சண்டை போட்ட மனிதரை நான்கு வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை.

1741. மிளகுக்காக ஒல்லாந்தர் குளச்சலில் இறங்கினார்கள். ஜாவாவில் அவர்களுக்கே நெருப்பு பற்றி எரிந்துகொண்டிருந்ததால், பத்தாவியாவிலிருந்து எதிர்பார்த்த பெரும்படை வரவில்லை. பனந்தடிகளை வண்டிகளில் ஏற்றி, பீரங்கி வரிசைபோலக் காட்டித் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா மிரட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையோ என்னவோ, அவர் தந்திரத்துக்குப் பொருத்தமான கதைதான். ஒல்லாந்தர் முகாமில் வெடிமருந்துப் பீப்பாய் வெடித்து அரிசியும் எரிந்துபோக, வயிறு காய்ந்தவர்கள் ஆகஸ்டில் சரணடைந்தார்கள். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றை இந்திய மன்னர் ஒருவர் இப்படி மண்டியிட வைத்தது சாதாரணச் செய்தியா? பிளாசியை மனப்பாடம் செய்யவைக்கும் பாடப்புத்தகங்கள் குளச்சலை ஓரத்தில் தள்ளியது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டிலனாய். வயது இருபத்தைந்து. புராட்டஸ்டண்ட் கம்பெனியில் சம்பளம் வாங்கிய கத்தோலிக்கர். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தன் படையையே பழக்கச் சொன்னார். கைதி 'வலிய கப்பித்தான்' ஆனார், உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார், 1777இல் இறந்து அந்தக் கோட்டைத் தேவாலயத்திலேயே அடங்கினார்.

மார்த்தாண்ட வர்மாவை நான் வில்லனாக்க மாட்டேன். ஆனால் கைதியின் சாமியைப் பொறுத்துக்கொண்ட அதே மன்னர், தன் அதிகாரி நீலகண்டன் அந்தச் சாமியைக் கும்பிட்டதற்காக எருக்கம்பூ மாலை போட்டு எருமைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டாரே, அதை மன்னிக்க முடியவில்லை.

நட்டாலத்து நீலகண்டன் பத்மநாபபுரம் அரண்மனை அதிகாரி. மாடுகள் சாகின்றன, வெள்ளாமை பொய்க்கிறது. என்ன குறை வைத்தோம் என்று தவிக்கிறார். கோட்டை வேலையில் பழகிய டிலனாயிடம் துக்கத்தைக் கொட்டுகிறார். கப்பித்தான் சொன்னது யோபுவின் கதை: மாடும் மக்களும் போய், உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்த நல்லவரின் கதை.

பலர் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டுகிறார்கள், இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பியது என்று. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. 'ஏன் எனக்கு?' என்ற யோபுவின் கேள்விக்குக் கடைசிவரை விடை வருவதில்லை. சுழல்காற்றிலிருந்து பேசும் கடவுள் பதிலுக்குப் பதிலாகக் கேள்விகளையே அடுக்குகிறார். 'நீ செய்த பாவம்தான்' என்று ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களைத்தான் கடிந்துகொள்கிறார். கிரகம், தோஷம், பாவக் கணக்கு என்று காரணம் தேடி அலுத்த மனிதருக்கு, இது தண்டனையல்ல என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கும். சொன்னவரும் தோற்று, ஊர் இழந்து, அந்நியர் கோட்டையில் வாழ்ந்தவர். வேறு யார் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்குமா?

நீலகண்டன் அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் ஞானஸ்நானம் எங்கே கிடைக்கும் என்பதுதான். டிலனாய் வடக்கன்குளத்து இயேசு சபைக் குரு புத்தாரியிடம் அனுப்பினார். 1745 மே 14. தேவசகாயம் என்ற புதுப்பெயர். பின்னாலேயே மனைவி பார்கவி. பக்கம் முடிந்துவிட்டது. அதெல்லாம் அடுத்த இதழில்.

(தொடரும்)