தீர்க்கதரிசி: காண்பவரா, சொல்பவரா?

'தீர்க்கதரிசி' என்றதும் நாளை நடக்கப் போவதை இன்றே அறிந்தவர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சொல்லின் பொருளும் அதற்கு இடம் கொடுக்கிறது. வடமொழியில் 'தீர்க்க' என்றால் நீண்ட. 'தரிசி' என்றால் காண்பவர். தொலைதூரம் காண்பவரே தீர்க்கதரிசி. தமிழ் விவிலியத்தில் நெடுங்காலம் வழங்கி வந்த சொல் இது. ஆனால் 1995ஆம் ஆண்டு வெளிவந்த 'திருவிவிலியம்' இதை விட்டுவிட்டு 'இறைவாக்கினர்' என்ற சொல்லை எடுத்துக் கொண்டது. ஏன்?

எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'நாவி'. அரபு மொழியிலும் மலாய் மொழியிலும் வழங்கும் 'நபி' இதற்கு உறவுச்சொல். பழைய அக்காடிய மொழியில் 'நபூ' என்றால் அழைத்தல். ஆகவே 'நாவி' என்பதற்கு 'அழைக்கப்பட்டவர்' என்று அறிஞர் பலர் பொருள் கொள்கின்றனர். அரபு மொழியிலோ 'நபஉ' என்றால் செய்தி; செய்தி கொண்டு வருபவர் நபி. இரண்டிலும் 'காணுதல்' இல்லை.

'காண்பவர்' என்ற சொல்லும் எபிரேயத்தில் இருந்தது. காணாமற்போன கழுதைகளைத் தேடிய சவுல், கையில் சிறிது வெள்ளிக் காசுடன் சாமுவேலிடம் போனார். நம்மவர் குறி கேட்கப் போவது போலத்தான்! இப்போது 'நாவி' எனப்படுபவரை முற்காலத்தில் 'காண்பவர்' என்றே அழைத்தார்கள் என்று அந்தக் கதையிலேயே ஒரு விளக்கம் வருகிறது.

பின்னர் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் 'புரொபேத்தேஸ்' என்றனர். ஒருவர் சார்பில் எடுத்துரைப்பவர் என்பது அதன் பொருள். ஆங்கிலச் சொல் இதிலிருந்தே வந்தது.

எடுத்துரைப்பது எளிய வேலையா? கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ் ஆடு மேய்த்தவர். காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். படியைச் சிறிதாக்கி, கள்ளத் தராசு வைத்து ஏழைகளை ஏமாற்றிய வணிகரை அவர் கண்டித்தார். அரசனின் வழிபாட்டுத் தலமான பெத்தேலில் நின்று பேசியபோது, உன் நாட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று குருவானவர் அவரை விரட்டினார். நான் தொழில்முறை இறைவாக்கினன் அல்லேன் என்பதே ஆமோஸின் பதில்.

வருங்காலம் பற்றியும் அவர் எச்சரித்தார், உண்மைதான். ஆனால் அந்த எச்சரிக்கை பிறந்தது, கண்ணெதிரே நடந்த அநியாயத்திலிருந்து. நாளை என்ன நடக்கும் என்று சொல்பவரைத் தேடி நாம் காசு கொடுத்துப் போகிறோம். இன்று நாம் செய்வது தவறு என்று சொல்பவர் வந்தாலோ, வாசலிலேயே நிறுத்தி விடுகிறோம். இந்தச் சொல்லின் வரலாறு நம்மைக் கேட்பதும் அதைத்தான்.