எத்தனை காலம்? ஏ.எல்.எஸ். நோயும் ஆயுட்கணிப்பின் வரலாறும்

ஒரு நோயின் பெயர் அந்நோய் எங்கே கண்டறியப்பட்டது என்பதையும் காட்டிக்கொடுக்கும். 'அமியோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ்' என்பது பிரெஞ்சு நரம்பியலாளர் ழான் மார்ட்டின் ஷார்கோ 1874இல் இட்ட பெயர். பிரித்தால் முறையே தசைக்கு ஊட்டமின்மை, பக்கவாட்டு, இறுக்கம் என்று பொருள்படும். முதற்சொல் உயிரோடிருக்கும் நோயாளியிடம் காண்பது. மற்ற இரண்டும் பிணக்கூறாய்வில் தண்டுவடத்தில் கண்டவை. நோயாளி கேட்கும் முதல் கேள்விக்கு, 'இன்னும் எத்தனை காலம்?' என்பதற்கு, இப்பெயரில் விடை இல்லை.

விடையைப் பாடநூல்கள் ஒரே தொடரில் தந்தன: இரண்டு மூன்று ஆண்டுகள். அத்தொடர் எவ்வளவு போதாதது என்பதற்கு இருவர் வாழ்வே சான்று. பேஸ்பால் வீரர் லூ கெரிக்குக்கு 1939இல், 36 வயதில் நோய் உறுதியானது, 1941இல் மறைந்தார். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல், 21 வயதில் உறுதியானது, 2018இல்தான் மறைந்தார். பெயர் ஒன்று, காலம் வேறு.

இந்த இடைவெளியை விளக்கும் முயற்சியே முன்கணிப்பு ஆய்வு. 1994இல் ரிலுசோல் மருந்தின் சோதனை முடிவு வெளியானது. அது கூட்டிய ஆயுள் சில மாதங்களே. அத்தகைய சிறு பயனை அளக்க, மருந்தில்லாமலே நீண்ட காலம் வாழக்கூடியவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

2018இல் ஐரோப்பாவின் 14 மையங்களைச் சேர்ந்த 11,475 நோயாளிகளின் தரவிலிருந்து ஒரு கணிப்பு மாதிரி உருவானது. அது எட்டுக் காரணிகளைக் கொண்டது: தொடங்கிய வயது, முகுளத் தொடக்கம் (பேச்சும் விழுங்குதலும் முதலில் பாதிக்கப்படுதல்), மூச்சுக் கொள்ளளவு, நோய் முன்னேறும் வேகம், நோயறிதலின் உறுதிநிலை, நோயறிதலில் ஏற்பட்ட தாமதம், நெற்றிப்பொட்டு மடல் மறதிநோய், சி9ஓஆர்எஃப்72 மரபணு மாற்றம். இவற்றைக் கொண்டு நோயாளிகள் ஐந்து பிரிவுகளாக்கப்பட்டனர். மிகக் குறுகிய பிரிவின் இடைநிலைக் காலம் 17.7 மாதங்கள், மிக நீண்ட பிரிவுக்கு 91 மாதங்கள். இறப்பு மட்டுமன்றி, மூச்சுக்குழல் துளையிடுதலும் ஏறத்தாழ முழுநேரச் செயற்கைச் சுவாசமும் இங்கே முடிவுப்புள்ளிகளாகக் கொள்ளப்பட்டன.

இப்பட்டியலில் மாணவர்கள் நின்று யோசிக்க வேண்டியது 'தாமதம்'. நோயறிதல் தாமதமானவர்களே நீண்ட காலம் வாழ்கின்றனர். தாமதம் ஆயுளைக் கூட்டுவதில்லை. மெதுவாக நகரும் நோய் தாமதமாகப் பிடிபடுகிறது, அவ்வளவே. அதாவது தாமதம் ஓர் அறிகுறி, காரணம் அன்று. ஆனால், மருத்துவர் மாற்றி மருத்துவராக அலைந்ததால் ஏற்பட்ட தாமதமும் அதே எண்ணாகவே பதிவாகும். நரம்பியல் வல்லுநர் எளிதில் கிட்டாத நம் மாவட்டங்களில் அந்த எண் நோயின் வேகத்தைக் குறிக்கிறதா, பேருந்துப் பயணங்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறதா?

முகுள அறிகுறியும் அப்படியே. ஐரோப்பியத் தரவில் அது குறுகிய ஆயுளின் அடையாளம். ஆனால் 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்த 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' இளவயதில் தொடங்குகிறது. முகமும் நாவும் தளர்கின்றன, செவியும் மங்குகிறது. ஆயினும் நோய் மிக மெதுவாகவே நகர்கிறது. இது ஏ.எல்.எஸ்.ஸிலிருந்து வேறான வகை. எனினும், குழறும் பேச்சை மட்டும் கேட்டு ஆயுளை அறுதியிட்டால், பல்லாண்டு வாழக்கூடிய ஓர் இளைஞருக்கு இரண்டாண்டுத் தீர்ப்பு எழுதிவிட நேரும். ஒரு குறிக்குப் பொருள் தருவது அது நிற்கும் சூழல் என்பது மொழியியலின் பாலபாடம். மருத்துவக் குறிகளுக்கும் அது பொருந்தும்.

இடைநிலைக் காலம் என்பது பாதிப்பேர் கடந்து செல்லும் கோடு. எவருக்கும் குறிக்கப்பட்ட நாள் அன்று. வயதையும் மரபணுவையும் நாம் மாற்ற இயலாது. ஆனால் 2006இல் பிரிட்டனில் வெளியான சோதனையில், முகுளப் பாதிப்பு கடுமையாக இல்லாதவர்களுக்கு முகமூடிவழிச் சுவாச உதவி ஏறக்குறைய ஏழு மாத ஆயுளைக் கூட்டியது. ஆகவே கணிப்பின் பயன் தீர்ப்பு வாசிப்பதில் இல்லை. மூச்சுக் கருவி, உணவுக்குழாய், பேச்சுக்கு மாற்றுவழி ஆகியவற்றை உரிய நேரத்தில் ஆயத்தப்படுத்துவதில் இருக்கிறது. அதற்கு நம் நோயாளிகளிடமிருந்து திரட்டிய தரவு வேண்டும். 11,475 பேரின் அட்டவணையை அப்படியே கடன்வாங்கினால் போதாது.